மொட்டை மாடியில் ஷெட் எண் 1

இருபத்தெட்டு வருஷம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சங்கிலிமுத்து, ஓய்வு பெற்ற நாலாம் நாள் ஒரு சபதம் செய்தார். உலகத்தைப் புரட்டிப் போடுகிற சபதம் எல்லாம் இல்லை. தினமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் தூங்க வேண்டும், அவ்வளவுதான். இடது கக்கத்தில் தலையணை. வலது கை சுவிட்சின் மேல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“கைய எடுங்க” என்றாள் மனைவி குருவம்மாள், குனிந்த தலை நிமிராமல்.

எடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். சிவகாசிப் பக்கம் ஆடிப்பெருக்கு கழிந்தால் காலண்டர் சீசன் தொடங்கிவிடும். குருவம்மாள் அச்சகத்திலிருந்து மாதக் காலண்டர் தாள்களை வீட்டுக்கு வாங்கி வந்து, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு தாளையும் வரிசையாக அடுக்கிக் கொடுக்கும் ஆர்டர் எடுத்திருந்தாள். கூட மூன்று பேர்: எதிர்வீட்டு ஞானசுந்தரி, பக்கத்து வீட்டு கற்பகவல்லி, தெருமுனை இசைவாணி. நாலு பேரும் ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது. ஓடினால் வருஷமே பறந்துவிடும்.

இது சங்கிலிமுத்துவுக்கு அனுபவத்தில் தெரியும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் டீ குடிக்கிற நேரம் பார்த்து ஒன்றாம் நம்பரில் ஃபேனைத் தட்டிவிட்டார். மே மாதம் அடுப்படிக்குப் போனது. அக்டோபர் வாசலைத் தாண்டி ஆனைக்குட்டம் ரோட்டில் ஓடியது, ஞானசுந்தரி அதன் பின்னால் ஓடினாள். அந்தக் குழப்பத்தில் அடுக்கின ஒரு கட்டு அருப்புக்கோட்டைப் பாத்திரக்கடை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலண்டரில் ரெண்டு பிப்ரவரி இருந்தது, தீபாவளி இல்லை.

“அப்ப நான் எங்கதான் படுக்க?” என்றார் சங்கிலிமுத்து.

“உள்ரூம்ல படுங்க.”

“கட்டில் மேல பிப்ரவரி கெடக்கு.”

“தள்ளிப் படுங்க.”

“தள்ளுனா மார்ச் இருக்கு. கட்டிலுக்கு அடியில நவம்பர்.”

“டிசம்பர் முடியிற வரைக்கும் பொறுத்துக்கோங்க. வருசத்துல ஒரு நாலஞ்சு மாசந்தான?”

அந்த நாலு பெண்களுக்கும் மட்டும் என்ன சுகம்? நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை. வேர்வை ஒரு சொட்டுத் தாளில் விழுந்தால் போச்சு, மேலே அச்சடித்திருக்கிற முருகன் முகத்தில் மரு முளைத்துவிடும். அச்சகக்காரன் கட்டோடு திருப்பி அனுப்புவான். ஹாலில் முப்பத்தேழு டிகிரி. எப்படித் தெரியும் என்றால், ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் மாலையோடு சேர்த்து ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்திருந்தார்கள். சுவரில் மாட்டி, வேளைக்கு வேளை பார்த்து, நோட்டில் எழுதி வைப்பார். பட்டாசு ஆலையில் சூடு ஏறினால் வேலையை நிறுத்தி எல்லாரையும் மரத்தடிக்கு அனுப்புவது ஃபோர்மேனின் பொறுப்பு. வீட்டில் சூடு ஏறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. நோட்டில் எழுதுவதோடு சரி.

அதிகாரம் இருந்த காலத்தில் சங்கிலிமுத்து சாதாரண ஆள் இல்லை. வெடிமருந்து வேலை நடக்கிற ஒவ்வொரு ஷெட்டின் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஷெட் எண் இத்தனை, ஆட்கள் இத்தனை. நாலு என்று எழுதியிருந்தால் நாலுதான். அஞ்சாவதாக ஈ போனாலும் இவர் அதை வெளியே வரச் சொல்வார். ஒருமுறை கம்பெனி முதலாளியே வெளியூர் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழையப் பார்த்தார். “உள்ள நாலு பேர் இருக்காக. நீங்க அஞ்சாவது ஆளு, முதலாளி. வெளிய நில்லுங்க” என்று கையை நீட்டித் தடுத்துவிட்டார். முதலாளி வெயிலில் நின்றார். இந்தக் கதையை சங்கிலிமுத்து சுற்றுவட்டாரத்தில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. குருவம்மாளுக்கு மட்டும் நானூறு தடவை சொல்லியிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் தலையணையோடு வீட்டுக்குள் இடம் தேடி அலைவதா? மொட்டை மாடியில் தனக்கென்று ஒரு அறை கட்டுவது என்று முடிவு செய்தார்.

விருதுநகரில் கதிரவன் என்றொரு இளைஞன் போர்டு அடித்து அறை கட்டுகிற தொழில் புதிதாகத் தொடங்கியிருந்தான். செங்கல் கிடையாது, கலவை கிடையாது. இரும்புச் சட்டம் நிறுத்தி, ரெண்டு பக்கமும் போர்டு அடித்தால் சுவர். எடை கம்மி, மாடி தாங்கும். பத்து நாளில் முடிந்துவிடும்.

“எல்லாஞ் சரி தம்பி. உள்ள வேகுமா, வேகாதா? அதச் சொல்லு.”

“வெறும் போர்டு அடிச்சா வேகும் அண்ணாச்சி. போர்டு வெயிலத் தள்ளிவிடாது, வாங்கி உள்ள கொடுத்துரும். ரெண்டு போர்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்றதுலதான் விசயமே. தெர்மாகோல் வச்சா...”

“தெர்மாகோலா?” சங்கிலிமுத்து எழுந்தே விட்டார். “ஏலே, தீப்பிடிச்சா?”

“மாடியில என்ன தீப்பிடிக்கப் போகுது அண்ணாச்சி?”

“அப்படிச் சொன்னவன் எல்லாம் எங்கன இருக்கான்னு எனக்குத் தெரியும். வேற சொல்லு.”

கதிரவன் வேறு சொன்னான். கல்லை உருக்கி நூற்ற பஞ்சு ஒன்று இருக்கிறது, ராக்வூல் என்று பேர், தீயில் போட்டாலும் எரியாது. சங்கிலிமுத்து ஒரு துண்டை வாங்கி அங்கேயே தீக்குச்சி கிழித்துக் காட்டிப் பார்த்தார். எரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் வாய்ச்சொல்லை நம்புகிற ஆள் இல்லை அவர். மூன்று விதப் போர்டு வாங்கி வந்து, மூன்று பெட்டி செய்து, மாடி வெயிலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்து, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

குருவம்மாள் துணி காயப்போட வந்தாள்.

“என்ன இது, கோழிக்கூடா?”

“ஒண்ணுமில்ல புள்ள. தட்டுமுட்டுச் சாமான் போட மாடியில ஒரு ரூம் கட்டலாம்னு.”

“தட்டுமுட்டுச் சாமானுக்கு வேர்க்குமா என்ன, டிகிரி பாக்குறீக?”

சங்கிலிமுத்து உஷாரானார். அறை குளுமையாக இருக்கும் என்று இவளுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. நாளைக்கே பன்னிரண்டு மாசமும் படியேறி வந்துவிடும். “இது வெந்து சாகும் புள்ள” என்றார் அவசரமாக. “போர்டு ரூமுன்னா அடுப்பு மாதிரி. மனுசன் இருக்க முடியாது. சாமானுக்குத்தான் லாயக்கு.”

“அப்படியா?” என்றாள் அவள். ஈரச் சேலையை உதறினாள். ஒரு துளி தெர்மாமீட்டரில் விழுந்தது.

பெட்டிச் சோதனையில் கிடைத்த முடிவுகள் ஆறு பக்கம். வெறும் சிமெண்ட் போர்டு பெட்டி நாற்பதைத் தொட்டது. ஜிப்சம் போர்டு பெட்டி ஒரு டிகிரி கம்மி. ரெண்டு போர்டு, நடுவில் பஞ்சு, கொஞ்சம் காற்றிடைவெளி விட்ட பெட்டி முப்பத்திரெண்டில் நின்றது. அதிலும் ஓர் ஓட்டையைச் சங்கிலிமுத்துதான் கண்டுபிடித்தார். பெட்டியின் இரும்புக் கால் இருக்கிற இடத்தில் உள்பக்கம் தொட்டால் சுட்டது. இரும்பு வழியாகச் சூடு படியேறி உள்ளே வருகிறது. சட்டத்துக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வைக்கச் சொன்னார். கதிரவன் அசந்து போனான்.

அவன் அசந்து போனது அதோடு நிற்கவில்லை.

“அண்ணாச்சி, ஒரு ரூமுக்கு எதுக்கு நாலு கதவு?”

“நாலு பக்கம் இருக்குல்ல?”

“ஒரு ஆளு படுக்கிற ரூமு அண்ணாச்சி!”

“எங்கன நின்னாலும் ரெண்டு எட்டுல வெளிய ஓடுற மாதிரி இருக்கணும். கதவு வெளிப்பக்கந்தான் தெறக்கணும். தாப்பாள் கூடாது. பூட்டு கூடவே கூடாது.”

“எதுக்கு ஓடப் போறீக?”

சங்கிலிமுத்து அடுத்த கதவுக்கு அளவு எடுக்கப் போய்விட்டார். இருபத்தெட்டு வருஷப் பழக்கம். கதவுக்கும் அதே போர்டு, அதே பஞ்சு, ஓரத்தில் ரப்பர். ஒவ்வொரு கதவுப் பக்கத்திலும் சிவப்பு வாளியில் மணல். எல்லாம் முடிந்த அன்று, கையில் பிரஷோடு நின்றவர் தன்னையறியாமல் சுவரில் எழுதினார்:

ஷெட் எண்: 1. ஆட்கள்: 4. மேற்படக் கூடாது.

குருவம்மாள் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். “தட்டுமுட்டுச் சாமான் போடுற ரூமுக்கு நாலு ஆளா?”

“அது ரூல்ஸ்” என்றார்.

“ரூல்ஸ்னா சரி” என்று அவள் இறங்கிப் போனாள். போகிற போக்கில் நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தாள். சங்கிலிமுத்துவுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் தொடங்கியது சுகம். விடியற்காலை அஞ்சு மணிக்கு நாலு கதவையும் திறந்து வைப்பார். எட்டு மணிக்கு வெயில் ஏறும்முன் நாலையும் மூடிவிடுவார். மத்தியானம் ரெண்டு மணிக்கு மாடியில் கால் வைத்தால் தோல் உரியும். கதவைத் திறந்து உள்ளே போனால் முப்பத்தியொன்று. ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, பிப்ரவரி இல்லை. சங்கிலிமுத்து கட்டிலில் மல்லாந்து, கூரையைப் பார்த்து, தன் அறிவை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார். கீழே நாலு பேரும் வேர்த்து வடிவதை நினைத்தால் நெஞ்சில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. திரும்பிப் படுத்தார். உறுத்தல் நின்றுவிட்டது.

நாலு மணிக்கு இறங்கும்போதுதான் கஷ்டம். மாடித் தொட்டியிலிருந்து ரெண்டு கை தண்ணீர் அள்ளி முகத்திலும் பனியனிலும் தெளித்துக்கொண்டு, முனகிக்கொண்டே வர வேண்டும்.

“யம்மா... வெந்துட்டேன் புள்ள. உள்ள நெருப்பா கொதிக்கு.”

“ஐயோ, பாவமே! மோர் தரட்டுமா? ஏன் அங்கன போய்ச் சாகுறீக?”

“சாமானை அடுக்கணும்ல?”

“மூணு நாளா அடுக்குறீக. நம்மகிட்ட இருக்கிறதே ஒரு ஒடஞ்ச கிரைண்டர்தான.”

“அத எங்கன வைக்கிறதுன்னுதான் யோசிக்கேன்.”

“யோசிச்சதுல கன்னத்துல தலையணைக் கோடு விழுந்திருக்கு” என்றாள் குருவம்மாள். மற்ற மூவரும் தாளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். ஞானசுந்தரிக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது.

அஞ்சாம் நாள் ஒரு தப்பு நடந்தது. சங்கிலிமுத்து போர்வையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். குருவம்மாள் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது.

டீக்கடையில் அய்யாதுரை உட்கார்ந்திருந்தார். வேறொரு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலிமுத்துவுக்கு முப்பது வருஷச் சிநேகிதர், முப்பது வருஷப் போட்டியாளர்.

“வாலே சங்கிலி! இட்லிக்கொப்பரை கட்டிருக்கியாமே மாடியில? வெந்துச்சா?”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. ஒம் பொண்டாட்டிதான் பாவம், குழாயடியில கண்ணக் கசக்குறாளாம். ‘எங்க வீட்டுக்காரரு ஏமாந்துட்டாரு, ரூம்னு கட்டிட்டு உள்ள அஞ்சு நிமிசம் உக்கார முடியல, தெனமும் வெந்து வெந்து எறங்குறாரு’ன்னு. ஏலே, சூட்டை அளக்குறதுதான நம்ம தொழிலு? அதுலயே கோட்டை விட்டுட்டியே!”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்துவுக்கு டீ இறங்கவில்லை. முப்பத்தியொன்று என்று கத்த வேண்டும்போல வாய் வரை வந்தது. கத்தினால் குருவம்மாள் காதுக்குப் போகும், தூக்கம் போகும். கத்தாவிட்டால் மானம் போகும். எதை விடுவது என்று தெரியாமல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டு வாசலில் கதிரவன் நின்றான். முகம் வாடியிருந்தது.

“அண்ணாச்சி, உங்க ரூமு வேகுதாம். மல்லாங்கிணறுல ஒருத்தரு, காரியாபட்டியில ஒருத்தரு, ரெண்டு பேரும் ஆர்டரை நிறுத்திட்டாக. ஆனைக்குட்டத்துல ஒரு ஃபோர்மேனே ஏமாந்துட்டாராம்லன்னு கேக்காக. தொழில் ஆரம்பிச்சு ஆறு மாசந்தான் ஆச்சு அண்ணாச்சி. நான் என்ன தப்பு பண்ணேன்?”

பையன் கண் கலங்கியிருந்தது. சங்கிலிமுத்து தன் தூக்கத்துக்காக ஒரு நல்ல சுவரின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்தச் சுவர் தினமும் உள்ளே வெயில் விடாமல் நிற்கிறது. அதைக் கட்டினவனை ஊர் ஏசுகிறது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குருவம்மாள் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரும் விருதுநகர் போறோம். சேலை எடுக்கணும். பன்னெண்டு மணி பஸ்சு. வர இருட்டிரும். சோறு ஆக்கி வச்சிருக்கேன், போட்டுச் சாப்பிட்டுக்கோங்க.”

சங்கிலிமுத்து வானத்தைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டார். கதிரவனின் தோளில் கை போட்டார்.

“ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. அய்யாதுரையையும் டீக்கடை ஆளுகளையும் நான் வரச் சொல்லுதேன். தெர்மாமீட்டர் பேசட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாலு பெண்களும் பையோடு கிளம்பிப் போனார்கள். ரெண்டு மணிக்கு மாடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். சங்கிலிமுத்து பழைய காக்கிச் சட்டை போட்டிருந்தார். பாக்கெட்டில் நோட்டும் பேனாவும்.

“மொதல்ல ஒரு கண்டிசன். இங்க பாக்குறது எதையும் வெளிய சொல்லக் கூடாது. முக்கியமா வீட்டுப் பொம்பளைக காதுக்குப் போகக் கூடாது.”

“ஏன்லே?”

“அது கம்பெனி ரகசியம்.”

எல்லாரும் சத்தியம் செய்தார்கள். மாடி வெயிலில் தெர்மாமீட்டரைப் பிடித்தார். நாற்பத்திரெண்டு. கீழே ஹாலுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பார்த்தார். முப்பத்தேழு. பிறகு கதவைத் திறந்தார். மூன்று பேரை உள்ளே விட்டு, தானும் நுழைந்தார். அய்யாதுரையும் ஒரு காலை உள்ளே வைத்தார். சங்கிலிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

“அஞ்சாவது ஆளு. வெளிய நில்லு.”

“ஏலே, வெயிலு கொல்லுதுலே!”

“சுவத்துல எழுதிருக்கு பாரு. ரூல்ஸ்னா ரூல்ஸ். முதலாளியையே நிறுத்துனவன் நான்.”

அய்யாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்திரெண்டில் நின்றார். முதல் தவணை ஆட்கள் வெளியே வரவே மாட்டேன் என்றார்கள். மல்லாங்கிணற்றுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, “ஊட்டி மாதிரில்ல இருக்கு” என்றார். காரியாபட்டிக்காரர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் அய்யாதுரையின் முறை வந்தது. உள்ளே போனார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முப்பத்தியொன்று.

“ஒத்துக்கிடுதேன்லே” என்றார் அரை மனசோடு. “ஃபேன்கூட இல்லயே!”

அந்த ஒரு வார்த்தை போதும். சங்கிலிமுத்துவுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. பத்து நாளாக அடக்கி வைத்த பெருமை எல்லாம் அணை திறந்த மாதிரி வந்தது. போர்டைச் சொன்னார், பஞ்சைச் சொன்னார், இரும்புக் காலுக்கு ரப்பர் கொடுத்த மூளையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே கீழேயிருந்து தலையணையோடு ஒட்டிக்கொண்டு வந்து கட்டிலில் கிடந்த ஒரு காலண்டர் தாளை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். டிசம்பர்.

“பாருங்கய்யா! ஃபேன் வேண்டாம், வேர்வை வராது. நாள் பூரா இங்கன உக்காந்திருந்தாலும் ஒரு தாள் அசையாது!”

“அட, ஆமா! அசையலையே!” என்றது ஒரு குரல்.

பெண் குரல்.

வடக்குக் கதவில் குருவம்மாள் நின்றாள். கையில் சேலைப் பை இல்லை. இடுப்பில் ஒரு கட்டு ஜனவரி. தெற்குக் கதவு திறந்தது, ஞானசுந்தரி. கிழக்கில் கற்பகவல்லி. மேற்கில் இசைவாணி. தாழ்ப்பாள் இல்லாத நாலு கதவும் வெளிப்பக்கமாக, எந்தச் சிரமமும் இல்லாமல் திறந்தன. பெண்கள் வருவதைப் பார்த்து மற்ற ஆண்கள் மரியாதையாக வெளியே நகர்ந்தார்கள். சங்கிலிமுத்து மட்டும் டிசம்பரைப் பிடித்தபடி நடுவில் நின்றார்.

“நீ... பஸ்சுல... சேலை...”

“பஸ் ஏறல. அச்சாபீஸ் வரைக்கும் போய் இன்னொரு லோடு ஏத்திட்டு வந்தோம். ஆர்டரை ரெட்டிப்பா எடுத்தாச்சு.”

“ஏ புள்ள, இங்கன வேகும்...”

“அதான் இத்தனை ஆம்பளைகளை வச்சு வேகாதுன்னு நிரூபிச்சுட்டீகளே. நான் சொன்னா ஊரு நம்பாது, நீங்க சொன்னா நம்புது. கதிரவன் தம்பி, உன் ஆர்டர் திரும்ப வந்துருச்சா?”

“வந்துருச்சுக்கா” என்றான் கதிரவன். சங்கிலிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“எப்ப தெரியும் உனக்கு?” என்றார் சங்கிலிமுத்து.

“வெந்து சாகுற ரூமுக்குப் போர்வை எடுத்துட்டுப் போனீகளே, அன்னைக்கு. குழாயடியில கண்ணக் கசக்குனதும் அன்னையிலருந்துதான்.”

ஞானசுந்தரிக்கு மறுபடியும் இருமல் வந்தது. நாலு பேரும் உள்ளே வந்து பாயை விரித்தார்கள். நெற்றித் துண்டுகளை அவிழ்த்து மூலையில் போட்டார்கள். இசைவாணி கண்ணை மூடி, “யம்மாடி, உசுரு வந்துச்சு” என்றாள். அதைக் கேட்டு சங்கிலிமுத்துவுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. மறு நொடி கட்டிலைப் பார்த்தார். அதன் மேல் ஏப்ரல் ஏறிக்கொண்டிருந்தது.

“சரி, இருந்துட்டுப் போங்க. நான் ஒரு ஓரமா படுத்துக்கிடுதேன். மூச்சு விட மாட்டேன்” என்றார்.

குருவம்மாள் சுவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வெளியே வெயிலில் நின்ற அய்யாதுரைக்குத் தான் காத்திருந்த தருணம் வந்துவிட்டது புரிந்தது. விரலை நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி எண்ணினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஏலே சங்கிலி! அஞ்சு!”

மாடியே சங்கிலிமுத்துவைப் பார்த்தது. அவர் சுவரைப் பார்த்தார். சிவப்புப் பெயிண்ட். சொந்தக் கையெழுத்து. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட மீறாத கணக்கு. கால்கள் தாமாகவே வாசலை நோக்கி நகர்ந்தன.

“கீழ ஹாலாவது இருக்குல்ல?” என்றார் வாசலில் நின்று. “ஃபேனைப் போட்டு...”

“புது லோடு பூரா ஹால்லதான் இறக்கிருக்கு. பிரிச்ச கட்டு. சுவிட்சுல கைய வச்சுராதீக” என்றாள் குருவம்மாள். “கதவச் சாத்துங்க, வெக்கை உள்ள வருது.”

சாத்தினார். சாத்தும்போது ஓரத்து ரப்பர் சரியாகப் பதிகிறதா என்று தடவிப் பார்க்கவும் மறக்கவில்லை. நன்றாகப் பதிந்தது. ஆண்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்கள். அனல் தகிக்கும் மாடியில் சங்கிலிமுத்து மணல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் அன்றைய பதிவை எழுதினார்:

“மத்தியானம் 2.40. ஷெட் எண் 1, உள்ளே 31 டிகிரி, ஆட்கள் 4, விதிமீறல் இல்லை. வெளியே 42 டிகிரி, ஆள் 1.”